கரும்புக் கரை – 11: காட்டுப்பறவை பறந்து வந்த வழி

சென்ற வாரம் பத்து காவானில் தியோச்சு சீனர்கள் காட்டை அழித்துக் கரும்பு நட்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். கரும்பு ஆலைக்குப் போனது, சாறானது, சர்க்கரையானது. சர்க்கரை வடிந்த பின் மிஞ்சும் கறுத்த பாகு எங்கே போனது என்று சொல்லவில்லை. இந்த வாரம் அந்தப் பாகின் பின்னால் போகலாம்.

ஜார்ஜ்டவுனில் சூலியா ஸ்ட்ரீட்டிலிருந்து தொடங்குகிறேன். பகலில் பாத்திரக் கடைகளும் பழைய தங்கும் விடுதிகளுமாக இருக்கும் தெரு, இரவில் வேறு முகம் காட்டும். பழைய கடைவீடுகள் பலவற்றின் கீழ்த்தளம் இப்போது மதுக்கூடமாகிவிட்டது. அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டு வெள்ளைக்காரப் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஓர் இடத்தில், கலக்கிக் கொடுக்கும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "ஜங்கிள் பேர்ட் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். நம் பையன்தான். "இருக்குண்ணே. கொஞ்சம் கசக்கும், பரவால்லையா?" என்றான்.

அவன் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தகரக் குவளையில் முதலில் எலுமிச்சைச் சாறு, அப்புறம் சர்க்கரைப் பாகு. ஜமைக்கா ரம்மை அளவுக் கிண்ணத்தில் ஊற்றினான்; கருப்பட்டிக் காப்பியின் நிறம். பிறகு இத்தாலியச் சிவப்புக் கசப்பு மதுவான காம்பாரி, ரம்மில் சரிபாதி. கடைசியாக அன்னாசிச் சாறு. மூடி போட்டுக் குலுக்கினான். தகரத்தின் வெளிப்புறம் வெளுத்துப் பனி பூத்ததும் நிறுத்தி, பனிக்கட்டி போட்ட கண்ணாடிக் குவளையில் வடித்தான். அன்னாசி குலுங்கியதில் மேலே நுரை கட்டி நின்றது. முதல் வாயில் இனிப்பு, நடுவில் புளிப்பு, விழுங்கியபின் நாக்கின் அடியில் அந்தக் கசப்பு.

ரம் காக்டெய்ல்களைக் கரீபியன் தீவுகளின் சொத்தாகவே உலகம் பேசுகிறது. டாய்க்கிரி கியூபாவில், சாந்தியாகோ பக்கத்துச் சுரங்க ஊரின் பெயரில் பிறந்தது. பினா கொலாடா போர்ட்டோ ரிக்கோவின் ஹோட்டல் ஒன்றில் 1954-இல் பிறந்ததாகச் சொல்வார்கள். ஜங்கிள் பேர்ட் நம்முடையது. 1973-இல் கோலாலம்பூரில் ஹில்டன் ஹோட்டல் திறந்தபோது, அங்கிருந்த ஏவியரி பாரில் விருந்தினர்களுக்கு வரவேற்புப் பானமாகக் கொடுத்தார்கள். மதுக்கூடத்திலிருந்து பார்த்தால் வெளியே பறவைகள் பறக்கும். பெயர் அங்கிருந்து வந்தது. கலந்து உருவாக்கியவர் ஜெஃப்ரி ஓங் என்ற பினாங்குக்காரர்.

அவர் பெயர் வெகுகாலம் வெளியே தெரியவில்லை. 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கலவைக் கையேட்டில் பானம் மட்டும் ஏறியது. 2000-களில் அமெரிக்க ரசிகர்கள் அதைத் தோண்டி எடுத்துக் கொண்டாடினார்கள். நியூயார்க்கில் ரம்மை மாற்றி இன்னும் கறுத்த ரம் ஊற்றினார்கள். உலகத்தின் பெரிய மதுக்கூடங்களிலெல்லாம் பட்டியலில் இடம்பிடித்தது. பிறகுதான் மலேசியாவில் சிலர் தேடிப்போய், இதைச் செய்த மனிதர் இவர் என்று எழுதினார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் கையால் பிறந்த பானத்துக்கு அவர் பெயரைச் சேர்க்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது எனக்கு ஆறவே இல்லை. கலந்தவருக்கே இந்த நிலை என்றால், அந்த ரம்முக்குக் கரும்பு வெட்டியவரின் பெயரை யார் தேடுவார்?

அதற்கு முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். ரம் காக்டெய்ல்களுக்கெல்லாம் தாய் 'பஞ்ச்' என்ற பானம். பழநிப் பஞ்சாமிர்தத்தில் இருக்கும் 'பஞ்ச' தான் இதிலும் இருக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்: சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு என ஐந்து. ஆங்கிலத்தில் இந்தச் சொல் எழுத்தில் ஏறிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று 1632-ஆம் ஆண்டுக் கடிதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் ஆடம்ஸ், சோழமண்டலக் கரையில் பேட்டப்போலிக் கிடங்கில் இருந்த தாமஸ் காலிக்கு எழுதியது. பஞ்ச் குடிப்பதைப் பற்றி அதில் ஒரு வரி வருகிறது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார்களே, அதில் என்ன இருக்கிறது? வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலம். அதில் சாராயம் ஊற்றினால் பஞ்ச். பானகத்திலிருந்துதான் பஞ்ச் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் சோழமண்டலக் கரையின் வெயிலுக்கு எது இதம் என்று அங்கிருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கப்பல்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள்.

அவர்கள் முதலில் பஞ்சில் ஊற்றியது ரம் அல்ல. கோவாவின் கள் சாராயமும், பத்தாவியாவில் அரிசியும் கரும்புப் பாகும் சேர்த்து வடித்த சாராயமும்தான். அந்தப் பழக்கம் கப்பலேறி மேற்கே போனது. பார்படோஸில் தென்னங்கள் இல்லை, கரும்புப் பாகு மலைமலையாய் இருந்தது. 1650-களிலேயே அங்கே பாகிலிருந்து சாராயம் வடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் ஒன்று மாறியது, பெயர் அப்படியே நின்றது. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நான்கு என்று வாய்ப்பாடு போல அளவு சொல்லிப் பழகினார்கள். 1740-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், மாலுமிகளுக்கு ரம்மைத் தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று ஜமைக்காவில் உத்தரவிட்டார். சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாலுமிக்கு நாள்தோறும் ரம் அளக்கும் அந்த வழக்கம் 1970 ஜூலை 31 வரை நீடித்தது.

அந்த ரம் யாருடைய உழைப்பு என்பது ஊரறிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவந்தவர்கள் நட்டார்கள், வெட்டினார்கள், ஆலையில் கரும்பைத் திணித்தார்கள். உருளைக்குப் பக்கத்தில் கோடரி ஒன்று தயாராக வைத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் கை சிக்கிக்கொண்டால், உடம்பு முழுவதும் உள்ளே போகுமுன் கையை வெட்டியெடுக்க. இதைப் படித்த நாளிலிருந்து கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

1834-இல் பெரும்பாலான ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிந்தது. முன்னாள் அடிமைகளைத் 'தொழில் பழகுநர்' என்று பெயர் மாற்றிக் கட்டிவைத்திருந்த ஏற்பாடும் 1838-இல் முடிந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்ட் நட்டஈடு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. கையில் பணமும் தொழில் அறிவும் இருந்த துரைமார்கள் மலிவான கைகளைத் தேடினார்கள். அவர்களில் சிலர் கண் கிழக்கே திரும்பியது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை, அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி, இன்று செபராங் பிறை.

லெனார்ட் ரே என்பவரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். ஜமைக்காவில் பல ஆண்டுகள் கரும்புத் தோட்டம் பார்த்தவர். பிறகு வங்காளம், அங்கிருந்து செபராங் பிறை. 1848-இல் லண்டனில் அவருடைய கரும்புத் தொழில் கையேடு வெளியானது. நிலம் தேர்வதிலிருந்து சர்க்கரை இறக்குவது, ரம் வடிப்பது வரை எல்லாம் அதில் உண்டு. ஜமைக்காவில் கற்றதை மலாக்கா நீரிணைக் கரையில் வைத்துப் பார்த்து எழுதிய நூல் அது. கரீபியன் ரம்முக்கும் பினாங்குக்கும் உறவு உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த மனிதரைத்தான்.

தொழில் எப்படி நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டிய கரும்பை அன்றே பிழிய வேண்டும், தங்கினால் புளிக்கும். சாற்றைச் சுண்ணாம்பு போட்டுக் காய்ச்சி அழுக்கை மேலே கொண்டுவந்து வழித்தெடுப்பார்கள். வரிசையாக நிற்கும் கொப்பரைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அகப்பையால் மாற்றி மாற்றிச் சுண்டவைப்பார்கள். கடைசிக் கொப்பரைதான் சின்னது, சூடும் அதற்கே அதிகம். பதம் வந்ததும் ஆறவிட்டால் மணல் போலச் சர்க்கரை கட்டும், கறுத்த பாகு வடியும். அந்தப் பாகு, வழித்தெடுத்த அழுக்கு நுரை, முந்தைய வடிப்பில் கலயத்தில் தங்கிய புளித்த கழிவு, தண்ணீர் எல்லாம் ஒரு தொட்டியில் சேரும். கழிவைச் சேர்ப்பது ஜமைக்கா வழக்கம். அந்த ஊர் ரம்மின் கனத்த மணத்துக்கு அதுவும் ஒரு காரணம். தொட்டி நாள்கணக்கில் பொங்கி அடங்கியதும் செம்புக் கலயத்தில் ஏற்றி வடிப்பார்கள். தூக்கியெறிய வேண்டியதெல்லாம் காசாகும் இடம் சாராயக்கூடம். அதனால்தான் சர்க்கரை விலை விழுந்த ஆண்டிலும் ரம் தோட்டத்தைத் தாங்கியது.

செபராங் பிறையில் சீனத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் 1840-களில் ஐரோப்பியத் தோட்டங்கள் வேகமாக எழுந்தன. நிபோங் தெபால் வட்டாரத்தில் பெரிய முதலாளி எட்வர்ட் ஹார்ஸ்மன், ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர். அவர் 1876-இல் இறந்த பிறகு தோட்டங்கள் அவருடைய மைத்துனர் சர் ஜான் ராம்ஸ்டென் குடும்பத்துக்குப் போயின. காலிடோனியா தோட்டம், பைராம் தோட்டம் என்ற பெயர்கள் இன்றும் அங்கே புழங்குகின்றன. காலிடோனியா ஸ்காட்லாந்தின் பழைய பெயர். பைராம் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டென் குடும்பத்து ஊர். தோட்டங்களுக்கு ஊர்ப்பெயரை அவர்கள் கொண்டுவந்தார்கள். ஆட்களைக் கொண்டுவந்தது தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கினார்கள் நம் ஆட்கள். ஒப்பந்தத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'சஞ்சி'. வாக்குறுதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான ஜஞ்சி, நம் வாயில் அப்படி ஆனது. சஞ்சிக்கூலி என்றால் கப்பல் கூலியும் முன்பணமும் கழியும்வரை வேறெங்கும் போக முடியாதவன். ஓடினால் சிறை. வாக்குறுதி என்ற சொல்லே கட்டைக் குறிக்கும் சொல்லாகிப் போனதை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "அவன் சஞ்சியில வந்தவன்" என்று சொல்லும்போது குரல் தாழும். பிற்பாடு கங்காணி முறையில் வந்தவர்கள்கூடத் தங்களைச் சஞ்சியிலிருந்து பிரித்துக் காட்டிக்கொள்வார்கள். மலாயாவில் சஞ்சி முறை 1910-இல்தான் முடிவுக்கு வந்தது. கரும்பும் அதோடு போனது. ரப்பரில் பணம் கொட்டத் தொடங்கியதும் கரும்பைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். முதல் உலகப் போருக்கு முன்பே செபராங் பிறையின் சர்க்கரைத் தொழில் முடிந்துவிட்டது.

இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என் மனத்தை அதிகம் அலைக்கழித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் போனால் காரைக்கால். அன்று நாகப்பட்டினம் ஆங்கிலேயருடையது, காரைக்கால் பிரெஞ்சுக்காரருடையது. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை 1848-இல் ஒழிந்தபோது அங்கேயும் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. 1853-இல் ஒரேலி என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகள். அந்த ஒப்பந்த முறை நின்றபோது மார்த்தினிக்குக்குப் போனவர்கள் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். அவர்களில் பெருந்தொகையினர் தமிழர்.

ஒரே வட்டாரம், ஒரே பஞ்சம். தெற்கே நடந்தவர் நாகப்பட்டினத்தில் ஏறி நிபோங் தெபாலில் கரும்பு வெட்டினார். வடக்கே நடந்தவர் காரைக்காலில் ஏறி ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போய் மார்த்தினிக்கில் அதே கரும்பை வெட்டினார். இருபது கிலோமீட்டர் நடைதான் ஒருவர் பேரப்பிள்ளை மலாய் பேசுவதையும் இன்னொருவர் பேரப்பிள்ளை பிரெஞ்சு பேசுவதையும் தீர்மானித்தது.

மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்று ஊருக்கு ஊர் குடிக்கும் ரம் கலவைக்குப் பெயர் 'தி பஞ்ச்', சின்ன பஞ்ச் என்று பொருள். ரம், ஒரு துண்டு எலுமிச்சை, கரும்புப் பாகு, அவ்வளவே. 1632-இல் சோழமண்டலக் கரையில் கடிதத்தில் ஏறிய சொல் அங்கே காத்திருக்க, இருநூறு ஆண்டு கழித்து அதே கரையின் மனிதர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் அங்கே மாரியம்மனைக் கும்பிட்டார்கள். அவர்களுடைய மசாலாக் குழம்பு 'கொலம்போ' என்ற பெயரில் அந்தத் தீவுகளின் பொதுச் சமையலாகிவிட்டது. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904-இலிருந்து இருபது ஆண்டு போராடினார். தலைமுறைகள் தாண்டியும் சிதம்பரம் என்ற பெயர் அந்தத் தீவில் உதிராமல் நின்றதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

பினாங்குக்கு வருவோம். தோட்டத்துத் துரை மாலையில் என்ன குடித்தார்? ஜார்ஜ்டவுனுக்கு வந்தால் 1885-இலிருந்து சார்க்கீஸ் சகோதரர்களின் ஈ அண்ட் ஓ ஹோட்டல் இருந்தது. விஸ்கியும் சோடாவும் பாதிப்பாதி என்றால் 'ஸ்டெங்கா', பாதி என்னும் மலாய்ச் சொல்லான செத்தெங்காவின் திரிபு. ஜின்னில் கசப்புச் சொட்டு விட்டால் 'ஜின் பாஹிட்', பாஹிட் என்றால் கசப்பு. அந்தக் கசப்புச் சொட்டு அங்கொஸ்துரா. 1875-இலிருந்து டிரினிடாட் தீவில் தயாராவது, கரீபியன் சரக்கு. ஜெஃப்ரி ஓங் இனிப்பு ரம்மில் கசப்பைச் சேர்த்தபோது இதை நினைத்தாரா என்பது வேறு விஷயம். இந்த ஊர் நாக்குக்குக் கசப்பு பழகியிருந்தது என்பது உண்மை.

தொழிலாளி குடித்தது கள். சில இடங்களில் சம்சு என்னும் மலிவுச் சாராயம். லயத்துக்குப் பக்கத்திலேயே தோட்டக் கள்ளுக்கடை இருந்தது. காலையில் கொடுத்த கூலி மாலையில் அங்கேயே திரும்பியது. இதை எதிர்த்து எழுந்தவர்களும் நம் ஆட்களே. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பின் கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டி ஊர் ஊராகக் கள்ளுக்கடை மறியல் நடத்தினார். 1947-இல் காவல்துறை அதை நசுக்கியது, உயிர்கள் போயின. பின்னாளில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் பிரசாரம் செய்தது. ரம் காக்டெய்லின் கதையை எழுதும்போது தொண்டர் படையை விட்டுவிட்டால் அந்தக் கதை பாதி என்றே நான் நினைக்கிறேன். கண்ணாடிக் குவளையில் நுரையோடு நிற்பதும் கள்ளுக்கடைத் தகரக் குவளையில் இருந்ததும் ஒரே தோட்டக் கணக்கின் இரண்டு பக்கங்கள்.

எழுதுவதற்கு முன் ஒருமுறை நிபோங் தெபால் போய்வந்தேன். காலிடோனியாவில் ராம்ஸ்டென் குடும்பத்துப் பாழடைந்த மாளிகை நிற்கிறது; தொண்ணூற்றொன்பது கதவு வீடு என்பார்கள். 1948-இல் ஜான் ராம்ஸ்டென் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து ஊரார் பேய்க்கதை சொல்கிறார்கள். எனக்குப் பேயைவிட அதைச் சுற்றியிருந்த நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கரும்பு இருந்த இடத்தில் ரப்பர் வந்து, ரப்பர் போய், இப்போது செம்பனை. கரும்பு இருந்ததற்கு அடையாளமாக ஒரு தோகைகூட இல்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் ஆயர் தெபு விற்கும் வண்டி. அக்கா ஒருவர் தோல் சீவிய கரும்பை இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே கொடுத்தார். மறுபக்கம் வந்த சக்கையை மடித்து மறுபடி கொடுத்தார், மூன்றாம் முறை அதில் எலுமிச்சைத் துண்டொன்றை வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். விரல் நுனி உருளைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடும்; கடைசி அங்குலத்தை அடுத்த கரும்பால் தள்ளினார். பச்சைச் சாறு வடிகட்டி வழியாகப் பனிக்கட்டியின் மேல் விழுந்தது.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் இங்கதான் கரும்பு வெட்டுனாராம்," என்றார், நான் காலிடோனியா போய்வந்ததைச் சொன்னதும். "இது இப்ப எங்கயிருந்து வருதுக்கா?" என்று கரும்பைக் காட்டிக் கேட்டேன். "லாரியில வருது தம்பி," என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் கரும்பை எடுத்தார்.

(தொடரும்)